தானே கற்றவன் யார்?

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையின் பரிசளிப்பு விழாவில் ஒரு மாணவன் கிட்டார் வாசித்துப் பாடினான். பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியை விட்டு விலகி மேலே ஏறினால் வரும் தோட்டமொன்றின் லயத்திலே வாழ்பவன் அவன். தாய் கொழுந்து பறிப்பவர். எங்கள் பாடசாலையில் சங்கீத ஆசிரியர் இல்லை. பதுளை நகரிலே கிட்டார் கற்பிப்பவர் இருக்கலாம். அவர்களிடம் சென்றுவரப் பணமும் இல்லை, மாலை ஆறு மணிக்குப் பின் அவனது தோட்டத்துக்குப் பஸ்ஸும் இல்லை. கைத்தொலைபேசியின் சிறு திரையைப் பார்த்துப் பார்த்தே அவன் அவ்வாத்தியத்தைக் கற்றுக்கொண்டான். அன்று அவன் வாசித்து முடித்தபோது மண்டபம் அதிர்ந்தது. பிரதம விருந்தினராக வந்திருந்த அதிகாரி எழுந்து, "எந்த ஆசிரியரும் இன்றித் தானே கற்ற இம்மாணவனைப் பாருங்கள். வசதியில்லை, ஆசிரியரில்லை என்று முறையிடுவதை இனியாவது நிறுத்துங்கள். முயற்சியுள்ளவனுக்கு எல்லாம் விரல்நுனியில் இருக்கிறது" என்றார். மண்டபம் மீண்டும் கைதட்டியது. நானும் தட்டினேன்.

தட்டியதோடு நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுதும் அவசியம் நேர்ந்திராது. "ஆசிரியர் எவருமின்றித் தானே கற்றவன்" என்ற வாக்கியத்தை நிகழ்ச்சி அறிவிப்பில் எழுதிக்கொடுத்தவன் நானே. அதிகாரி அதை எடுத்து விரித்தார், அவ்வளவுதான். மறுநாட் காலையிற் பத்தாந் தர மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "சேர், எங்க வீட்ல ஃபோன் இல்ல. அப்ப நான் முயற்சி இல்லாதவளா?" என்று கேட்டாள். கேள்வியிலே கோபமில்லை, அறிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. அதனாலேயே அது என்னை வெட்கமுறச் செய்தது.

தானே கற்றல் என்பது உண்மையில் நிகழக்கூடியதா? நிகழுமாயின், அவ்வாறு கற்றவன் எவருக்கும் கடன்படாதவனா? அவனை நாம் புகழும்போது எதனைப் புகழுகிறோம், எதனை மறைக்கிறோம்? இவை கிட்டார் பற்றிய கேள்விகள் மட்டுமல்ல. ஆயினும் கிட்டாரிலிருந்தே தொடங்குவோம். கைப்படாத பொருளைப் பற்றித் தத்துவம் பேசுவது எளிது. அது பெரும்பாலும் பயனற்றது.

2

நான் ஏட்டைக்கொண்டு பிழைப்பவன். வாத்தியம் எதுவும் அறியாதவன். அம்மாணவியின் கேள்விக்குப் பின் பதுளைக் கடைவீதியிலே பழைய கிட்டார் ஒன்றை வாங்கி, அம்மாணவன் பார்த்த அதே பாடங்களைப் பார்த்து நான்கு மாதம் பயின்றேன். கற்றது சொற்பம்; கற்றலைப் பற்றிக் கற்றது அதிகம்.

ஆறு தந்திகள். மிகத் தடித்தது நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. மிக மெல்லியது 330 முறை. இவற்றைச் சுருதி கூட்டுவதற்குத் தேர்ந்த செவி வேண்டுமென்பர். இன்று தொலைபேசியே தந்தியின் ஒலியைக் கேட்டு, கூடியதா குறைந்ததா என்று முள்ளசைத்துக் காட்டிவிடுகிறது. உருக்குத் தந்தியை அழுத்தும் இடக்கை விரல்நுனிகள் முதல் இரண்டு வாரங்கள் நெருப்புப் பட்டவைபோல் எரிகின்றன. பின்னர் தோல் காய்த்துப்போகிறது. கொழுந்து பறித்துக் காய்த்த விரல்களை நாள்தோறும் காணும் ஊரிலே இதனைத் துன்பமென்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரே விரலால் ஆறு தந்திகளையும் ஒருங்கே அழுத்த வேண்டிய சுரக்கட்டு ஒன்று வருகிறது. தொடங்கியவர்களிற் பலர் வாத்தியத்தை மூலையிற் சாத்திவைப்பது அவ்விடத்திலேதான். ஊவாவின் காலநிலையும் தன் பாடத்தைக் கற்பிக்கிறது. எந்த வறண்ட காற்று ஆடி ஆவணியில் வீசி எங்கள் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற சுவையைத் தருகிறதோ, அதே காற்று கிட்டாரின் மரத்தை உலர்த்திச் சுருங்கச் செய்கிறது. ஐப்பசி மழையோ தந்தியைத் துருப்பிடிக்கச் செய்கிறது.

திரையிலே தோன்றும் ஆசிரியரின் பெருமையை முதலிற் சொல்லிவிடுவோம். அவர் சினப்பதில்லை. நூறு முறை கேட்டாலும் அதே முகத்தோடு நூறு முறையும் வாசித்துக் காட்டுகிறார். வேகத்தைப் பாதியாக்கச் சொன்னால் ஆக்குகிறார். நள்ளிரவிலும் வருகிறார். யாவற்றுக்கும் மேலாக, "நீ எந்த ஊர், எந்தச் சாதி, உன் தகப்பன் யார்?" என்று கேட்பதில்லை. இக்கேள்விகளைக் கேட்டுவிட்டே கற்பிக்கத் தொடங்கிய சமுதாயத்திலே இது சாதாரண விஷயமன்று.

ஏகலைவன் கதையை இங்கு நினையாதிருக்க முடியாது. துரோணர் மறுத்தார், அவன் மண்ணாற் பிரதிமை செய்து அதன்முன் நின்று வில் பயின்றான். இன்றைய திரையும் ஒரு மண் பிரதிமையே. ஆனால் பேசும் பிரதிமை. அது கட்டைவிரலைக் கேட்பதில்லை. ஆனாற் காணிக்கை எதுவும் கேட்பதில்லை என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். இரண்டு பாடங்களுக்கு நடுவே விளம்பரம் வருகிறது. பாடம் முடிந்ததும் வேறொன்று தானே தொடங்குகிறது. துரோணர் விரலைக் கேட்டார். இவர்கள் கண்ணைக் கேட்கிறார்கள். பார்வையைப் பிடித்துவைத்து விற்பதே அவ்வியாபாரத்தின் முதல்.

அப்பிரதிமைக்கு மற்றொரு குறை உண்டு. அது பேசும், கேளாது. சுருதி தவறினால் தொலைபேசி சொல்லும். மணிக்கட்டு வளைந்திருப்பதைச் சொல்லாது. தவறாக வளைந்த மணிக்கட்டோடு மூன்று வாரம் பயின்று கைநோவு வந்த பின்னரே என் தவறை உணர்ந்தேன். காட்டியவன் அம்மாணவன், ஒரு கணம் பார்த்தான், "கைய இறக்குங்க சேர்" என்றான். மூன்று வாரத் திரை சொல்லாததை அக்கணம் சொல்லிற்று.

3

புதியதொரு கருவி வரும்போதெல்லாம் இவ்வழக்கு மீண்டும் எழுந்திருக்கிறது. எழுதப்பட்ட சொல் கேள்விக்கு மறுமொழி தராது, ஓவியம்போல் மௌனமாய் நிற்கும் என்ற குறையைப் பிளேட்டோ தம் 'ஃபீட்ரஸ்' உரையாடலிலே சோக்கிரதர் வாயிலாகச் சொன்னார். அதையும் அவர் எழுதியே வைத்தார் என்பதை நாம் மறக்கலாகாது. 1507ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பெட்ருச்சி என்ற அச்சகத்தார் லூட் என்னும் தந்தி வாத்தியத்துக்கு விரல் வைக்கும் இடங்களைக் கோடுகளிற் குறித்து நூலச்சிட்டார். சங்கீதக் குறியீடு அறியாதவரும் அந்நூலைப் பார்த்து விரல் வைக்கலாயினர். இன்று கிட்டார் கற்கும் இளைஞர் கையாளும் கோட்டுக்குறிப்பு அதன் வழிவந்ததே. ஏடும் அச்சும் தம் காலத்திலே திரையாகவே இருந்தன.

1818ஆம் ஆண்டில், இன்று பெல்ஜியம் எனப்படும் நாட்டின் லூவேன் பல்கலைக்கழகத்திலே யோசப் ஜகோதோ என்ற பிரெஞ்சு ஆசிரியர் இக்கட்டான நிலையொன்றில் நின்றார். அவருடைய மாணவர்களிற் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது; அவருக்கு அவர்களுடைய பிளமிஷ் மொழி தெரியாது. இருமொழியிலும் அச்சான ஒரு நூலை அவர்கள் கையிற் கொடுத்து ஒப்பிட்டுப் படிக்கச் சொன்னார். விளக்கம் எதுவும் பெறாமலே அவர்கள் பிரெஞ்சு எழுதக் கற்றனர். இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக்கொண்டு 1987இல் தத்துவவாதி ஜாக் ரான்சியேர் ஒரு நூல் எழுதினார். எல்லா மனிதர்க்கும் அறிவாற்றல் சமம்; "உனக்கு விளங்காது, நான் விளக்குகிறேன்" என்பதே ஏற்றத்தாழ்வின் தொடக்கம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இது கசப்பான மருந்து. தோட்டத்துப் பிள்ளையைப் பார்த்து "இவனுக்கு இவ்வளவு போதும்" என்று ஒருமுறையேனும் மனத்துக்குள் எண்ணாத ஆசிரியர் நம்முள் எத்தனை பேர்?

ஆயினும் இவ்வுதாரணத்திலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஜகோதோ விளக்கவில்லை, ஆனால் நூலைக் கையிற் கொடுத்தார். கற்றதைச் சொல்லும்படி கேட்டார். சொன்னபோது செவிமடுத்தார். விளக்குபவர் இல்லாத வகுப்பே தவிர, மனிதர் இல்லாத வகுப்பன்று அது.

கிட்டார் உலகிலும் 'நூலைக் கொடுத்தவர்கள்' உண்டு. 1992ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆர்வலர் சிலர் தாங்கள் செவியாற் கேட்டுக் குறித்த பாடல்களின் விரற்குறிப்புக்களைக் கணினி வலையிலே சேர்த்துவைக்கத் தொடங்கினர். ஓல்கா எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட அக்களஞ்சியம், ஒருவர் கண்டதைப் பலருக்கும் விலையின்றிப் பகிர்ந்தது. இசைப் பதிப்பாளர்களின் சட்ட அச்சுறுத்தல்கள் பல ஆண்டு தொடர்ந்தன. 2006இல் அது மூடப்பட்டது. பாட்டைப் படைத்தவனுக்கு உழைப்பின் பயன் கிடைக்க வேண்டுமென்பதை மறுப்பார் இலர். ஆனால் ஒரு பாட்டைக் கேட்டு, அது எவ்வாறு வாசிக்கப்படுகிறதென்று கண்டறிந்து, அயலானுக்குச் சொல்வதும் களவாகுமெனின், கிராமத்துத் திண்ணையில் நிகழ்ந்த கல்வி முழுவதும் களவே. மறுபுறத்தில், டாஸ்மேனியாவிற் பிறந்த ஜஸ்டின் சாண்டர்கோ என்ற கலைஞர் 2003இலிருந்து இணையத்திலே கிட்டார்ப் பாடங்களை இலவசமாக வைத்து, இயன்றவர் இயன்றதைத் தரலாம் என்று கற்பித்து வந்தார். எங்கள் மாணவன் முதலிற் கண்டதும் அவருடைய பாடங்களையே. பசறை மலையிலே ஒரு பையன் தம்மிடம் கற்றான் என்பதை அவர் அறியமாட்டார். அறியாதவனுக்குக் கொடுத்த கொடை அது. ஆகவே, "எந்த ஆசிரியருமின்றி" என்று நான் எழுதிய சொற்கள் முதற் பார்வையிலேயே பொய்யாயின. ஆசிரியர் இருந்தார். தொலைவில் இருந்தார், அவ்வளவே.

4

பாதிப் பொய்யை உணர்ந்த நான், மீதியையும் அறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய லயத்துக்குச் சென்றேன்.

கிட்டார், கொழும்பிலே கடையொன்றில் வேலைசெய்யும் தாய்மாமன் கொண்டுவந்தது. கைத்தொலைபேசி 2020இல் வாங்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் நோய்த்தொற்றாற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் தொலைபேசிக்கு வரும் என்றார்கள். தாய் தம் தோட்டை அடகுவைத்து அதனை வாங்கினார். அலைவரிசை லயத்துக்கு எட்டாது. பிள்ளைகள் தேயிலை மலையின் உச்சிக்கு ஏறி, பாறைமீது அமர்ந்து, பாடத்தை இறக்கிக்கொண்டு வருவார்கள். மலையேறிப் பழகிய கால்களே பின்னர் கிட்டார்ப் பாடத்துக்காகவும் ஏறின. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியிற் சிக்கி, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், தொலைபேசிக்கு மின்னூட்டக் காத்திருந்த கதையையும் சொன்னான். ரீலோட் போடும் பணம் தாயின் சம்பளத்திலிருந்து வந்தது. நாளொன்றுக்கு 1000 ரூபா என்ற சம்பளத்தை 2021இல் பெறுவதற்கே தொழிலாளர் எத்தனை ஆண்டு குரலெழுப்ப வேண்டியிருந்தது என்பதை வாசகர் அறிவர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். அப்பணத்திலிருந்தே ஒவ்வொரு பாடமும் இறங்கிற்று. இலவசம் என்று நாம் பெயரிட்டது, கொடுத்தவருக்கு இலவசம். பெற்ற வீட்டுக்கு அன்று.

பேசிக்கொண்டிருக்கையில் அவன் கிட்டாரை எடுத்து வாசித்தான். அவனுடைய வலக்கையை அன்றுதான் அருகிருந்து பார்த்தேன். நான்கு மாதம் முயன்றும் எனக்கு வராதது அந்த வலக்கை. இடக்கை சுரக்கட்டுக்களைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். வலக்கையின் தாளம் கற்பித்து வருவதன்று என்று நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். அவன் கையோ மூன்று மூன்றாய் விழுந்து, ஓரடி விட்டு, மறு அடியில் ஊன்றி எழுந்தது. "இது எந்தப் பாடத்தில வருது?" என்று கேட்டேன். அவன் விடை சொல்லவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் சிரித்தார். அவர் அவனுடைய தாத்தா. சுவரில், கூரைக்குக் கீழே, புகையேறிய தப்பு ஒன்று தொங்கியது.

தப்பின் கதையை மலையகத்தார்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. விடியற்காலையிற் பிரட்டுக்கு ஆளெழுப்ப ஓரடி, சாவுக்கு ஓரடி, சாமிக்கு ஓரடி, மாசியிலே காமன் கூத்தின்போது மதனும் ரதியும் ஆடுவதற்கு ஓரடி. தோலைத் தீயிற் காய்ச்சிச் சுருதியேற்றி, தடித்த குச்சியொன்றும் மெல்லிய குச்சியொன்றும் கொண்டு அடிப்பது. சிறுவயது முதல் அத்தாளத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த உடல் அவனுடையது. இடக்கைக்கு ஆசிரியர் கடலுக்கு அப்பாலிருந்தார். வலக்கைக்கு ஆசிரியர் திண்ணையிலே இருந்தார்.

என் உள்ளம் களித்தது. "தானே கற்றவன்" என்ற மாயை உடைந்தது. மக்கள் கலையே மூலம் என்று நிறுவியாயிற்று. கட்டுரை முடிந்தது என்று எண்ணினேன். சிலி நாட்டுக் கலைஞர் விக்தர் ஹாரா நினைவுக்கு வந்தார். உழவர் குடும்பத்திலே பிறந்து, திருமணத்திலும் சாவிலும் பாடிய தாய் அமாந்தாவின் கிட்டாரைக் கேட்டு வளர்ந்து, அக்கிட்டாரையே மக்களின் குரலாக்கி, 1973 செப்டெம்பரில் இராணுவத்தாற் கொல்லப்பட்டவர் அவர். எங்கள் மலையிலும் அத்தகைய ஒரு தொடர்ச்சி இருக்கிறது! "ஐயா, அடுத்த விழாவுக்கு நீங்க வந்து தப்படிக்க வேணும். பேரன் கிட்டார் வாசிக்கட்டும்" என்றேன்.

முதியவரின் சிரிப்பு நின்றது. "வேணாங்க மாஸ்டர்" என்றார். சிறிது நேரங் கழித்து, "தப்பு நான் படிச்சது இல்லீங்க. படிக்கிறதுன்னா, வேணும்னு படிக்கிறது. இது எங்க மேல போட்டது" என்றார்.

திரும்பும்போது மாணவன் வீதிவரை உடன் வந்தான். "சேர், தப்பப் பத்தி ஸ்கூல்ல சொல்லிடாதீங்க" என்றான். ஊரும் பெயரும் சொல்லாமல் எழுதலாமா என்று பின்னர் கேட்டபோது, யோசித்துச் சம்மதித்தான். அச்சம்மதத்தின் பேரிலேயே இதனை எழுதுகிறேன்.

5

அம்முதியவர் இரண்டு வாக்கியத்திற் சொன்னதை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். நம்மைப் போன்ற படித்தோர் மக்கள் கலை, மரபு, வேர் என்று பேசுகையில், அம்மரபு யார் தலையிற் சுமத்தப்பட்டது, எக்காரணத்தாற் சுமத்தப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். தப்பு அவர் தேர்ந்த கலையன்று; பிறப்பு அவருக்கு விதித்த வேலை. சாவுவீட்டில் அவர் அடிக்க வேண்டும். அடித்துவிட்டுப் பந்தியில் ஒதுங்கி நிற்க வேண்டும். அதிலே அவர் காட்டிய திறமை அவருடையது. அதனால் வந்த இழிவு சமுதாயத்தினுடையது. திறமையைப் புகழ்ந்து இழிவை மறப்பது பார்ப்பவர்க்கு எளிது; சுமந்தவர்க்கு எளிதன்று.

கிட்டாரோ யாரும் அவன்மீது சுமத்தாதது. அது அந்நிய வாத்தியம், நகரத்து இளைஞரின் பொழுதுபோக்கு என்று கூறும் நண்பர் உண்டு. இவ்வாதத்தில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. 1943இல் இதே ஊவாவின் ஹப்புத்தளையிற் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன 1960களிற் சிங்கள மெல்லிசையின் போக்கையே கிட்டாரால் மாற்றினார். நித்தி கனகரத்தினம் போன்றோர் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையை அதனோடு வளர்த்தனர். ஒரு வாத்தியம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது யாருடைய கையில் எதைச் சொல்கிறது என்பதே முக்கியம். அம்மாணவனின் கையில் அது சொல்வது இதுதான்: 'இதனை நான் தேர்ந்தெடுத்தேன்.'

இப்போது "தானே கற்றவன்" என்ற சொற்றொடரின் இரண்டு பொருளும் தெளிவாகின்றன. அம்மாணவன் "நானே படிச்சேன்" என்று சொல்லும்போது, பிறப்பு எனக்கு எழுதிய பாடத்தை நான் ஏற்கவில்லை என்கிறான். அது விடுதலையின் குரல். தாத்தாவின் கடனை அவன் மறுக்கிறான் என்று நாம் அவனைக் குற்றஞ்சாட்ட உரிமையற்றவர்கள்; ஏனெனில் அக்கடனைச் சொன்னால் இழிவும் உடன் வரும்படி வைத்திருப்பவர்கள் நாமே. ஆனால் மேடையில் அமர்ந்திருப்பவர் "அவன் தானே கற்றான்" என்று சொல்லும்போது, அவனுக்குக் கற்பிக்க வேண்டிய கடமை எனக்கில்லை என்கிறார். அது கைகழுவும் குரல். சொல் ஒன்றே, கீழிருந்து எழும்போது அது உரிமை, மேலிருந்து இறங்கும்போது அது மோசடி. என் அறிவிப்பு, மாணவனின் சொல்லை எடுத்து அதிகாரியின் வாயிலே வைத்தது. நான் செய்த தவறு அதுவே.

இக்கைகழுவல் தோட்டத்துக் கல்விக்குப் புதியதன்று. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. ஓராசிரியர், ஒரு கொட்டகை என்ற அளவிலே பல தோட்டங்கள் அப்பொறுப்பை முடித்துக்கொண்டன. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அதன் வாயிலுக்கு வெளியிலேயே நின்றன. 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்டது. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கீழ் வந்தன. ஏனையோர் தலைமுறைகளாகப் பெற்றதைப் பெறத் தொடங்கி நமக்கு ஐம்பது ஆண்டும் ஆகவில்லை. விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் கேட்டு, அழகியற் பாடங்களுக்கும் ஆசிரியர் கேட்டு மனுக்கள் எழுதிக்கொண்டிருக்கும் வேளையிலே, "எல்லாம் விரல்நுனியில் இருக்கிறதே" என்ற விடை வருகிறது. முன்பு "இவர்களுக்குக் கல்வி எதற்கு?" என்றார்கள்; இன்று "இவர்களுக்கு ஆசிரியர் எதற்கு?" என்கிறார்கள். கேள்வி நாகரிகமடைந்திருக்கிறது. நோக்கம் மாறிற்றா?

கொழும்பிலே வசதி படைத்த பாடசாலைகளுக்கு யாரும் இவ்வறிவுரையைச் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே சங்கீத ஆசிரியரும் இருக்கிறார், இணையமும் இருக்கிறது. அவர்களுக்குத் திரை, ஆசிரியருக்குத் துணை. நமக்கோ ஆசிரியருக்குப் பதில்.

6

ஆயின் விடை என்ன? இணையத்தைப் பழிப்பதா? அதனைப் பழிப்பவன், மறுக்கப்பட்டவனுக்குத் திறந்த ஒரே கதவை அடைக்கச் சொல்பவன். மரபுக்கு மீள்க என்பதா? அதற்கு அம்முதியவர் விடைகூறிவிட்டார்.

பல்கலைக்கழகத்திற் பாடமாகப் படித்து மறந்திருந்த நன்னூலின் பொதுப்பாயிரம் இவ்விடத்தில் எனக்கு உதவிற்று. ஆசிரியனிடம் கேட்பதால் வருவது கல்வியின் காற்பங்கே என்கிறார் பவணந்தியார். உடன் கற்பாரோடு பயில்வதால் இன்னுமொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு உரைப்பதால் வருவது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்விலக்கண நூல் பேசும் ஆசானும் மாணாக்கனும் எத்தகைய சமுதாயத்துக்கு உரியவர் என்பதை நான் அறிவேன். யாரைச் சேர்க்கலாகாது என்ற விதிகளும் அதிலுண்டு. ஆயினும் இக்கணக்கு உண்மை. திரை தருவது அந்த முதற் காற்பங்கை. அதனை அது நன்றாகவே தருகிறது. பல ஆசிரியர்களிலும் நன்றாகத் தருகிறது. மற்ற முக்காற்பங்கும் மனிதர் நடுவிலன்றி வராதவை.

இவ்வாறு நோக்கினாற் கடன் பற்றிய கேள்விக்கும் விடை கிடைக்கிறது. பெற்றவன் கொடுத்தவர்க்கே திருப்பிக் கொடுத்தல் வேண்டுமெனின், அம்மாணவன் கடன் தீர்க்க இயலாதவன். டாஸ்மேனியக்காரர் அவனை அறியார்; தாயின் தோடு மீளவில்லை; தாத்தா நன்றியை விரும்பவில்லை. அறிவுக் கடன் பின்னோக்கித் தீர்வதன்று; முன்னோக்கியே தீர்வது. அடுத்தவனுக்குக் கொடுப்பதே அதனைத் தீர்க்கும் வழி. கொடுக்கும்போதே கற்றவனின் கல்வியும் நிறைகிறது. இங்கு அறமும் அறிவும் ஒரே செயலாகின்றன.

ஆனால் இதனை மாணவனுக்கு மட்டும் உபதேசித்துவிட்டு நாம் விலகிக்கொண்டால், அதிகாரி செய்ததையே நாமும் வேறு சொற்களிற் செய்தவராவோம். கொடுப்பதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும், வாத்தியம் வேண்டும். அவற்றை அமைப்பது சமுதாயத்தின் பொறுப்பு. ஆசிரியரைக் கேட்டுப் பெறுவது நம் அனைவரின் பொறுப்பு. ஒருவன் ஆசிரியரின்றிக் கற்றான் என்பது அவனுடைய பெருமை. அவன் ஆசிரியரின்றிக் கற்க நேர்ந்தது நம்முடைய சிறுமை. முன்னதைச் சொல்லும் ஒவ்வொரு மேடையிலும் பின்னதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் வகுப்பறையொன்று திறந்திருக்கிறது. இரண்டு கிட்டார்கள், ஒன்று அவனுடையது, மற்றது என்னுடையது. ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். நான் ஒருமுறை இறக்கிவைத்த பாடங்களை எல்லோருமாகப் பார்க்கிறோம். திரையில் இருப்பவர் எதிர்முகமாய் அமர்ந்திருப்பதால் அவருடைய இடக்கை எங்கள் வலப்புறம் தெரிகிறது, புதியவர்கள் குழம்புகிறார்கள். அப்போது அவன் எழுந்து, கற்பவர் அருகில், அவர் நோக்கும் திசையிலேயே அமர்ந்து, விரலைப் பிடித்துத் தந்தியில் வைக்கிறான். அந்த ஒன்பது பேரில், தொலைபேசி இல்லாத அம்மாணவியும் ஒருத்தி. ஒரே விரலால் ஆறு தந்திகளையும் அழுத்தும் அச்சுரக்கட்டு எனக்கு இன்னும் சரியாக ஒலிக்கவில்லை, அவளுக்கு ஒலிக்கிறது. இதை ஒரு வெற்றியாக நான் எழுதவில்லை. சங்கீத ஆசிரியர் கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை. மறுமொழி வரும்வரை விண்ணப்பம் எழுதுவோம், சனிக்கிழமையும் கூடுவோம். இரண்டில் ஒன்றைச் செய்து மற்றதை விடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.

சென்ற வாரம் முதியவர் பாடசாலை வேலியோரம் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் அழைக்கவில்லை. அழைக்கும் தகுதி எனக்கு வந்துவிட்டதாக நினைக்கவில்லை. பிள்ளைகள் தாளம் பிசகிப் பிசகி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய விரல்கள் வேலிக் கம்பின் மீது மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டிருந்தன. சிறிது நேரம் நின்றார். பின்னர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனார்.

அடுத்த விழாவின் அறிவிப்பை நான் இன்னும் எழுதவில்லை. அம்மாணவியின் கேள்விக்கு ஏற்ற வாக்கியம் கிடைத்த பின்னரே எழுதுவேன்.